தனக்கோடியின் பெட்ரோல் முள்

விருத்தாசலத்துப் பக்கம் அறுபத்தொன்பது, எழுபதாம் வருஷங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னாலேயே ஜனங்கள் இன்னொன்றைக் கேட்டார்கள். "முள்ளு எதுல நின்னுச்சாம்?" சிரிக்க வேண்டாம். பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார், ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன் கேட்டான், பீங்கான் சூளை மேஸ்திரி கேட்டார். கேட்க வெட்கப்பட்டவர்கள் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார்கள். அந்த முள் தனக்கோடி ஓட்டிய வேனில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள். அவ்வளவுதான்.

தனக்கோடி அதற்கு முன்னால் பீங்கான் சூளைகளுக்குக் களிமண் ஏற்றும் லாரி ஓட்டினான். ஆள் கட்டை குட்டை. மூக்குக்கு மேல் கோபம். எதிரே வருகிற மாட்டு வண்டிக்காரனை அவன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிவிட்டு, அடுத்த டீக்கடையில் அதே மாட்டு வண்டிக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுப்பான். தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை மண் அப்பியிருந்ததால் ஊரில் பாதிப் பேருக்கு அவன் முகமே சரியாகத் தெரியாது. "மண்ணு லாரிக்காரன்" என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளுக்கும் வழியில்லை, அந்தக் காலத்தில் யார் புருஷன் பேரைச் சொன்னார்கள்? ஆக, நாற்பது வயது வரைக்கும் அவன் பேர் அவனுக்கே மறந்து போகிற மாதிரிதான் இருந்தது.

மங்கலம்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஷபியுல்லா பாய் ஒரு பழைய வேனை ஏலத்தில் எடுத்து, அதற்குத் தனக்கோடியை டிரைவராகப் போட்டார். பின்பக்கம் ஆளைப் படுக்க வைக்கிற அளவுக்கு நீளமான வண்டி. சுற்று வட்டாரத்தில் யாருக்காவது உடம்பு மோசமானால் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கொண்டு போவார்கள். அங்கே முடிந்து போனால் திரும்பக் கொண்டு வருவதும் அதில்தான். டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே பலகைத் தடுப்பு, அதில் ஒரு சின்ன ஜன்னல். பின்னால் நடப்பது எதுவும் முன்னால் கேட்காது. இன்ஜின் போடுகிற சத்தத்தில் எமனே வந்து கூப்பிட்டாலும் கேட்காது என்று தனக்கோடியே சொல்வான்.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. பெட்ரோல் டாங்கி பின்பக்கத் தளத்துக்கு அடியில். டாங்கிக்குள் ஒரு மிதவை தொங்கும். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும், அதற்குத் தக்கபடி முன்னால் முள் நகரும். மிதவையைத் தாங்குகிற வட்டத் தகடு டாங்கியின் வாயில் திருகாணி போட்டு இறுக்கியிருக்கும். தளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் தகடு தெரியும். அந்தத் தகட்டுக்கு அடியில் இருந்த தக்கை வளையம் மக்கிப் போய்ப் பெட்ரோல் கசிந்தது. படுத்து வருகிற நோயாளிக்கு நோயை விட அந்த வாடைதான் குடலைப் புரட்டியது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ரப்பரோ தோலோ வெட்டிப் போட்டிருப்பான். விருத்தாசலத்துக்காரனுக்கு எதற்கும் பீங்கான்தான். தனக்கோடி நேரே தன் சிநேகிதன் ராஜமாணிக்கத்திடம் போனான். ராஜமாணிக்கம் சூளையில் கரண்டு கம்பத்துக்கான பீங்கான் கிண்ணிகளும் பியூஸ் கட்டைகளும் செய்கிறவன். அளவு எடுத்து, முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று ஒரு வெள்ளை வளையம் சுட்டுக் கொடுத்தான். கை பழகிய பழக்கம் விடுமா? திருகாணி ஒவ்வொன்றுக்கும் கூட ஒரு குட்டிப் பீங்கான் குழாய் செய்து கொடுத்தான். பூட்டி இறுக்கியதும் கசிவு நின்றது, வாடை போனது. இரண்டு பேரும் சந்தோஷமாக டீ குடித்தார்கள்.

அன்றோடு முள் படுத்துவிட்டது. டாங்கியை நிரப்பினாலும் காலி என்றே காட்டியது. கடைவீதி மெக்கானிக் ஒருவர் பார்த்தார். மிதவைக்குப் போகிற ஒயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொட்டதும் முள் துள்ளி எழுந்தது. "மீட்டரும் நல்லாருக்குது, ஒயரும் நல்லாருக்குது. உள்ள மிதவைதான் போயிடுச்சி, புதுசு போடணும்" என்றார். பாய், "வண்டி ஓடுதுல்ல, வுடு" என்றார். தனக்கோடி ஒரு மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் டாங்கியில் விட்டு எடுத்து ஈரத்தைப் பார்த்துக்கொள்வான். முள்ளை அவன் மறந்தே போனான்.

பிறகு ஒரு நாள் கடலூரிலிருந்து ஒரு பெரியவரின் உடலை ஏற்றிக்கொண்டு வந்தான். சொந்தக்காரர் ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் அந்த மனிதர், "பெட்ரோலு பாதி இருக்குதே, போதுமா?" என்றார். தனக்கோடி திரும்பிப் பார்த்தான். மாசக்கணக்கில் படுத்துக் கிடந்த முள் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஊர் வந்து உடலை இறக்கிய பிறகு பார்த்தான். முள் பழையபடி படுத்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த உடல் ஏறியபோதும் எழுந்தது. அதற்கு அடுத்ததற்கும் எழுந்தது. உயிரோடு படுத்து வருகிறவர்களுக்கு அது அசையவே இல்லை. தனக்கோடி வாயில் எத்தனை நாள் ஒரு விஷயம் நிற்கும்? கொளஞ்சியம்மாளிடம் சொன்னான். அப்புறம் ஊருக்கே சொன்ன மாதிரிதான்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா! முள்ளுக்கு ஒரு சாஸ்திரமே எழுதிவிட்டார்கள். முள் மேலே நின்றால் ஆசை தீராமல் போன உயிர். பாதியில் நின்றால் பாதிக் குறை. கீழே ஒட்டி நின்றால் நிறைந்த சாவு, கல்யாணச் சாவு, மேளம் வைக்கலாம். ஒரு சில உடல்களுக்கு அது எழாமலே இருந்துவிடும். அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்கள்: அது நேரே மோட்சம் போன ஆத்மாவாம், முள்ளை வந்து தொட அதற்கு நேரமில்லையாம். சாவு வீட்டுக்காரர்கள் உடலை இறக்குவதற்கு முன்னால் முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் முள்ளுக்குக் குங்குமம் வைத்தார். இன்னொருத்தர் கண்ணாடி மேல் ஒரு முழம் பூவைச் சுற்றினார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், தனக்கோடிக்கு அது பிடித்திருந்தது. பயம் இருந்தது, ஆனால் பிடித்தும் இருந்தது. மண்ணு லாரிக்காரன் போய் "தனக்கோடி அண்ணன்" வந்துவிட்டான். மிராசுதார் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். "அண்ணே, முள்ளு என்னா சொல்லுது?" என்று பெரிய மனிதர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அவனும் உடனே சொல்லமாட்டான். துண்டை உதறித் தோளில் போட்டு, இரண்டு நிமிஷம் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவான். புதிய மிதவை வாங்கலாமா என்று பாய் ஒரு தரம் கேட்டபோது, "வேணாம் பாய், அத நோண்டக் கூடாது" என்று இவனே தடுத்துவிட்டான்.

அப்புறம்தான் மாரியம்மாள் வந்தாள்.

பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கரும்பு வெட்டுகிற கருப்பனின் பெண்டாட்டி. வீட்டிலேயே பிரசவம் ஆகி, குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ஜன்னி கண்டுவிட்டது. தை மாதக் காலையில் கருப்பனும் அவன் மாமியாரும் அவளைப் பாயோடு தூக்கி ஏற்றினார்கள். விருத்தாசலம் தாண்டி, கம்மாபுரம் தாண்டி, மந்தாரக்குப்பம் நெருங்குகிற இடத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. வண்டி எழுந்தபோது முள்ளும் எழுந்தது.

தனக்கோடி வண்டியை ஓரம் கட்டினான். இதுவரை உயிரோடு இருக்கிற யாருக்கும் அது எழுந்ததில்லை. இறங்கிப் பின்னால் போய் அவளைப் பார்க்கலாம் என்று கதவு வரைக்கும் போனான். பார்க்கத் தைரியம் வரவில்லை. கருப்பனை மட்டும் கீழே கூப்பிட்டான்.

"தம்பி, முள்ளு எழுந்துருச்சி. இனிமே கடலூரு போயி ஒண்ணும் ஆவப்போறதில்ல."

கருப்பன் அவன் முகத்தையே பார்த்தான். சின்னப் பையன் மாதிரி உதடு பிதுங்கியது. வழியில் உயிர் போனால் உடலை ஊருக்குள் கொண்டு போக விடமாட்டார்கள், எல்லையிலேயே கிடத்திவிடுவார்கள். அது இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டுக்குள் வைத்துப் போகட்டும், பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் தனக்கோடி சொன்னான். கருப்பன் தலையை ஆட்டினான். வண்டி திரும்பியது. அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கூலி கூட வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். மறுநாள் மாரியம்மாள் போய்விட்டாள் என்று சேதி வந்தது.

ஊரில் முள்ளின் மதிப்பு இன்னும் ஏறியது. செத்தவர்களைச் சொன்ன முள் இப்போது சாகப்போகிறவர்களையும் சொல்கிறது! தனக்கோடிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பின்னால் போய் ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று ஒரு எண்ணம். உடனே இன்னொரு எண்ணம் வந்து அதை அமுக்கும்: முள் சொன்னது பலித்ததே, பார்த்துத்தான் என்ன ஆகியிருக்கப் போகிறது? இந்த இரண்டாவது எண்ணத்தைத்தான் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். முள் நிஜம் என்றால் அவன் செய்தது தர்மம். முள் பொய் என்றால்? அதற்கு மேல் அவன் யோசிக்க மாட்டான். கொளஞ்சியம்மாளிடம், "முள்ளு சொன்னா சொன்னதுதான்" என்று அவள் கேட்காதபோதே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், ஆண்டாள். வேப்பூரில் கட்டிக் கொடுத்து, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வலி கண்டு ஒரு ராத்திரி முழுக்கப் போயும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து, "புள்ள குறுக்கால கெடக்குது. என் கையில ஒண்ணும் இல்ல. கடலூருக்குக் கொண்டு போயிடுங்க" என்றாள்.

விடிந்ததும் வேனைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான். குச்சியில் காலே அரைக்கால் பாகம்தான் நனைந்திருந்தது. கடலூர் போக அது போதும். ஆண்டாளை ஏற்றிப் படுக்க வைத்து, கொளஞ்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கிளம்புவதற்கு முன்னால் தனக்கோடி தோளில் கிடந்த துண்டை எடுத்து, முள் இருக்கும் கண்ணாடியை மூடிச் செருகிவிட்டான். அதைப் பார்க்கமாட்டேன், செத்தாலும் பார்க்கமாட்டேன் என்று குலசாமியிடம் சொல்லிக்கொண்டான்.

கம்மாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் ஏறியும் மரங்களுக்கு அடியில் இருட்டாகவே இருந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கித் துண்டின் ஒரு முனை நழுவியது. அதை இடது கையால் செருகப் போனவன் பார்த்துவிட்டான். முள் எழுந்து நின்றது.

பிரேக்கை மிதித்தான். வண்டி செம்மண்ணில் சறுக்கிக்கொண்டு போய், இன்ஜின் அணைந்து நின்றது. தடுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கொளஞ்சியம்மாளின் கண்ணிலும் அது பட்டுவிட்டது.

"ஐயோ, எம் பொண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், திருப்புய்யா வண்டிய! வூட்டுக்குத் திருப்பு! எம் பொண்ண எல்லையில போட்டுக் கெடத்த வுடமாட்டேன்!"

"அப்பா" என்று உள்ளேயிருந்து ஆண்டாளின் குரல். "ஏம்பா நிறுத்திட்ட?"

முள் நிஜம் என்றால் மகள் போய்விட்டாள். முள் பொய் என்றால், மாரியம்மாளைத் திருப்பிக் கொண்டுபோய் வீட்டில் போட்டவன் தனக்கோடி. இரண்டில் ஒன்று. இத்தனை மாசமாக முள் நிஜமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தவன், இப்போது அது பொய்யாக இருக்க வேண்டுமே என்று வேண்டினான்.

"ஒண்ணுமில்ல தாயி, இதோ போவலாம்" என்று அவளுக்குப் பதில் சொன்னான்.

துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு முள்ளை நேருக்கு நேர் பார்த்தான். அது எங்கே நிற்கிறது என்று முதல் தடவையாக ஒரு டிரைவரின் கண்ணால் பார்த்தான். காலுக்குக் கொஞ்சம் மேலே. காலையில் குச்சியில் ஈரம் எவ்வளவு இருந்தது? காலே அரைக்கால். வந்த தூரத்துக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும். இறங்கி ஓடிப் போய்க் குச்சியை மறுபடியும் டாங்கியில் விட்டான். எடுத்துப் பார்த்தான். திரும்ப வந்து முள்ளைப் பார்த்தான். இரண்டும் ஒன்று. அட பாவி, அது பெட்ரோலைத்தானே காட்டிக்கொண்டிருக்கிறது!

ஆசை தீராத சாவு, பாதிக் குறை, கல்யாணச் சாவு. அந்தந்த நாளில் டாங்கியில் எவ்வளவு மிச்சம் இருந்ததோ அவ்வளவு. பிணத்தை வைத்துக்கொண்டு எவன் குச்சி விட்டுப் பார்த்தான்? மிதவை சாகவில்லை, நல்லபடியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் மற்ற நேரத்தில் அதை யார் பிடித்துக்கொள்கிறார்கள், இப்போது மட்டும் யார் விடுகிறார்கள்?

ஆண்டாளுக்கு அடுத்த வலி வந்தது. அவள் அலறிக்கொண்டு காலை உதைத்தாள். பின்னால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. முள் பொத்தென்று விழுந்தது.

"வுழுந்துடுச்சி! போயிட்டாளா?" என்று கத்தினாள் கொளஞ்சியம்மாள், வலியில் துடிக்கிற மகளின் கையைப் பிடித்துக்கொண்டே. பயம் வந்துவிட்டால் கண் எதிரே இருப்பது கூடத் தெரியாது போலிருக்கிறது.

தனக்கோடி பின்கதவைத் திறந்தான். ஆண்டாள் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் ஒரு அருவாள் கிடந்தது. பிள்ளைத்தாச்சி வழியில் போகிறாளே, காற்று கருப்பு அண்டக் கூடாதே என்று கொளஞ்சியம்மாள் கொண்டு வந்து வைத்தது. எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிரசவமான பெண் பக்கத்தில் இரும்பு வைப்பார்கள், பிணத்தின் பக்கத்திலும் இரும்பு வைப்பார்கள். நோயாளிக்கு யாரும் வைப்பதில்லை. அந்த அருவாள் ஆண்டாளின் கால் பட்டு நகர்ந்திருந்தது. அது முன்னால் கிடந்த இடத்தில் மிதவைத் தகடு தெரிகிற ஓட்டை.

அவன் அருவாளை எடுத்தான். ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் படும்படி வைத்தான். "முள்ளப் பாரு!" என்றான்.

"எழுந்துருச்சி" என்றாள் கொளஞ்சியம்மாள்.

எடுத்தான். "இப்ப?"

"வுழுந்துடுச்சி."

மறுபடி வைத்தான், மறுபடி எடுத்தான். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவள் அழுகை நின்றது. தகட்டுக்கு அடியில் வெள்ளையாக ராஜமாணிக்கத்தின் வளையம் பளபளத்தது. கரண்டு ஒயர் வழியாக மிதவைக்கு வருகிறது. வந்த கரண்டு தகட்டிலிருந்து டாங்கிக்குப் போய், வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். திரும்புகிற வழியைப் பீங்கான் வைத்து அடைத்தது யார்? கம்பத்தில் கரண்டு இறங்காமல் இருக்க எதைச் செய்கிறார்களோ, அதையே கேட்டு வாங்கி வந்து இவன் கையாலேயே பூட்டியிருக்கிறான். திருகாணிக்குக் கூட விடாமல்! இரும்பைக் குறுக்கே வைத்தால் கரண்டுக்கு வழி கிடைக்கிறது, முள் எழுகிறது. இரும்பு இல்லையென்றால் படுக்கிறது. அத்தனை பிணங்களும் அத்தனை மரியாதையும் இவ்வளவுதான்.

அருவாளைத் தூக்கி முந்திரித் தோப்புக்குள் எறியப் போனான். கொளஞ்சியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேற, இது வேற. இரும்பு இல்லாம வரமாட்டேன்" என்றாள். சண்டை போட அது நேரமா? அருவாளை அவள் மடியிலேயே போட்டுவிட்டு ஓடிப் போய் சீட்டில் ஏறினான். முள் காலி என்று காட்டியது. அந்தக் காலி முள்ளை வைத்துக்கொண்டே வண்டியைப் பறக்கவிட்டான்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள், பிள்ளையும் பிழைத்துக்கொண்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டும் தங்கியிருக்காது என்று நர்ஸு சொன்னாள். கொளஞ்சியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து கும்பிட்டாள். தனக்கோடியும் சிரித்தான், அழுதான், எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான். அதற்கப்புறம் வேனுக்கு வந்து, ஒரு துண்டுச் செம்புக் கம்பியை எடுத்துத் தகட்டையும் வண்டிச் சட்டத்தையும் சேர்த்து முறுக்கினான். முள் எழுந்து நின்றது. அப்படியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. காலி வண்டியில் எழுந்து நிற்கிற அந்த முள்ளைப் பார்க்கத்தான் அவனுக்கு முன்னெப்போதையும் விடப் பயமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. ஜுரம் என்று பாயிடம் சொல்லியனுப்பினான். மாரியம்மாளின் பக்கத்திலும் அவள் அம்மா அருவாள் வைத்திருப்பாள். வைக்காமல் இருந்திருக்க மாட்டாள். மந்தாரக்குப்பம் பள்ளத்தில் வண்டி குதித்தபோது அது நகர்ந்து தகட்டில் விழுந்திருக்கும். கருப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றான். கொளஞ்சியம்மாள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்தவ செத்துட்டா. அவன் ஏதோ மனச ஆத்திக்கிட்டு இருக்குறான். நீங்க போயி சொல்லி, அவன் வெட்டிப்புட்டா?"

"வெட்டட்டும்" என்றான் தனக்கோடி.

பஸ்ஸில்தான் போனான். வேனை எடுக்க மனசு வரவில்லை. கருப்பன் வேலியோரம் உட்கார்ந்து வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் பதறி எழுந்து, "வாங்கண்ணே, வாங்க. ஆண்டாளுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாமே" என்று கட்டிலை இழுத்துப் போட்டான். வீட்டுக்குள் மாமியார் பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். கிழவி இவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவனை என்னவோ செய்தது.

உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மிதவை, பீங்கான் வளையம், அருவாள் என்று ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, "அது பெட்ரோலுதான் தம்பி. வேற ஒண்ணுமே இல்ல. நான்தான் ஒம் பொண்டாட்டிய திருப்பிக் கொண்டாந்தேன். நீ என்னா வேணாலும் செய்யி" என்றான்.

கருப்பன் கத்தியைக் கீழே வைத்தான். கோபம் வரும், பாய்ந்து கழுத்தைப் பிடிப்பான் என்று தனக்கோடி காத்திருந்தான்.

"அப்ப பேசனது அவதானாண்ணே?" என்றான் கருப்பன்.

தனக்கோடிக்குப் புரியவில்லை. "யாரு பேசனது?"

"வண்டிய நீங்க திருப்புனதும் கண்ண முழிச்சிட்டா. சோத்தாங்கை பக்கம் அடிச்ச வெயிலு இப்ப பீச்சாங்கை பக்கம் அடிக்குதே, வண்டி எங்க போவுதுன்னு கேட்டா." கருப்பன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். "முள்ளு பொணத்துக்குத்தானண்ணே எழும்? அவ போயிட்டா, வேற எதுவோ உள்ள பூந்துக்கிட்டுப் பேசுதுன்னு நெனச்சிட்டோம். அது கூப்புட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு எங்க அத்த என் வாயப் பொத்துனாங்க. வூட்டுக்கு வந்தும் பேசனா. தண்ணி கேட்டா. புள்ள பசியாறுச்சான்னு கேட்டா. எம் பேரச் சொல்லிக் கூட கூப்புட்டா, அது வரைக்கும் சொன்னதே இல்ல. எல்லாரும் வெளிய வந்து கதவச் சாத்திக்கிட்டோம். விடியற வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தாண்ணே. நாங்க ஒருத்தரும் பதில் சொல்லல."